இரண்டு இணைப்பு இருந்தும் கல்லா நிற்பது ஏன்?

பில் போடுவது, கார்டு தேய்ப்பது, ஈ-வே பில் எடுப்பது என்று நமது கடைகளின் அன்றாட வேலை பலவும் இன்று இணைய இணைப்பை நம்பியே நடக்கிறது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று உறுப்பினர்கள் பலர் இரண்டாவது இணைப்பும் வாங்கி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இரண்டு வைத்திருப்பது வேறு; ஒன்று விழும்போது மற்றது நிற்பது வேறு.

கனடா நாட்டு வியாபாரிகள் இதை 2022 ஜூலை 8-ஆம் தேதி பட்டுணர்ந்தார்கள். அங்குள்ள பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான ரோஜர்ஸின் சேவை அன்று அதிகாலை நின்றுபோனது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். டெபிட் கார்டில் பணம் வாங்கும் இன்டராக் முறையும் அந்த நிறுவனத்தையே நம்பியிருந்ததால் நாடெங்கும் முடங்கியது. ரொக்கம் கொடுத்தவருக்கே சரக்கு என்ற நிலை வந்தது. இத்தனைக்கும் ரோஜர்ஸிடம் உபரிக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பராமரிப்பு வேலையின்போது ரவுட்டர் அமைப்பில் ஒரு வடிகட்டி விதியை நீக்கிவிட்டார்கள். தகவல் வெள்ளமாகப் பாய்ந்து மையக் கருவிகளைத் திணறடித்தது. கைபேசிக்கும் வீட்டு இணையத்துக்கும் மையம் ஒன்றே, ஆகவே இரண்டும் சேர்ந்து விழுந்தன. பழுது பார்க்க வேண்டிய ஊழியர்களும் அதே வலையின் வழியாகத்தான் கருவிகளை எட்ட வேண்டியிருந்தது! வேறொரு நிறுவனத்தின் இணைப்பையும் சேர்த்துக்கொள்வதாக இன்டராக் பிறகு அறிவித்தது.

நம் கடைக்கு வருவோம். இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் வாங்கியிருப்போம். இரண்டு கம்பியும் ஒரே கம்பத்தில் வந்தால், ஒரு லாரி மோதினாலே போதும், இரண்டும் அறுந்துவிடும். ஒன்று ஃபைபர், மற்றது வேறு நிறுவனத்தின் சிம் என்று வைப்பது உத்தமம். மின்சாரமும் அப்படித்தான். பெரிய சுவிட்ச் கருவிகளில் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்று பழுதானால் மற்றது முழுப் பாரத்தையும் தாங்கும். இரண்டையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகிவிட்டால் கூடுதலாகக் கொடுத்த பணம் வீண். வேறு வேறு யு.பி.எஸ்.ஸில் செருக வேண்டும்.

இனி, மாறுவது எப்படி என்று பார்ப்போம். பல கவுண்டர்களும் கிடங்கும் உள்ள மொத்த வியாபாரிகள் இரண்டு ரவுட்டர் வைக்கலாம். வி.ஆர்.ஆர்.பி. என்ற முறையில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே முகவரி. கம்ப்யூட்டர்கள் அந்த முகவரியைத்தான் அறியும். முதல் ரவுட்டர் வழக்கமாக நொடிக்கு ஒரு முறை 'இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும். மூன்று முறை குரல் வராவிட்டால் இரண்டாவது பொறுப்பேற்கும். மூன்று நான்கு நொடிகளில் காரியம் முடிந்துவிடும். சிறு கடைக்கு இது அதிகம் என்றே சொல்வோம். இரண்டு இணைப்பு ஏற்கும் ஒரு ரவுட்டர், அதே அமைப்புகள் பதிந்த இன்னொன்று அலமாரியில், இதுவே போதும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கம்பியில் உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்படி ரவுட்டரை அமைத்திருப்பார்கள். கடை வரை கம்பி நன்றாயிருக்கும், கோளாறு அதற்கப்பால் இருக்கும்; விளக்கு எரிவதால் ரவுட்டர் மாறவே மாறாது. வெளியிலுள்ள ஒரு முகவரியை அடிக்கடி கேட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் மாறும்படி அமைக்கச் சொல்ல வேண்டும். மாறியதும் உங்கள் கைபேசிக்குச் செய்தி வரவும் ஏற்பாடு செய்யுங்கள். இல்லையேல் முதல் இணைப்பு செத்தது தெரியாமல் மாதக்கணக்கில் இரண்டாவதிலேயே ஓட்டிக்கொண்டிருப்போம்; அதுவும் விழும்போதுதான் விஷயம் தெரியும்.

யு.பி.ஐ. பணத்தை அறிவிக்கும் ஒலிப்பெட்டி பெரும்பாலும் தன் சொந்த சிம்மில் இயங்குவது. அது மௌனமாகிவிட்டால், வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பிச் சரக்கைக் கொடுக்க வேண்டாம். வேறு நிறுவன சிம் உள்ள கைபேசியில் நம் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை பார்க்க தீபாவளிக் கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது. கூட்டமில்லாத ஒரு மத்தியான வேளையில் முதல் இணைப்பின் கம்பியை நாமே உருவிவிட்டு, ஒரு பில் போட்டு, ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்க வேண்டும். கம்பியை மீண்டும் செருகியதும் பழையபடி திரும்புகிறதா என்றும் கவனியுங்கள். அடுத்து யு.பி.எஸ்.ஸுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தி, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள்.