மூட மறுத்த வளையம்

ஈஸ்டர் நெருங்கினால் போதும், கிருஷ்ணன்கோவிலில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை நூல்கண்டோடு திண்ணைக்கு வந்துவிடுவார். டாட்டிங் என்ற முறையில் முடிச்சு முடிச்சாகப் பின்னி, லேஸ் முட்டைகள் செய்து சன்னலில் தொங்கவிடுவார். பின்னும்போது கையில் இருப்பது விரல் நீள நாடா ஒன்றுதான். தறியில் நூலைச் சுமந்து ஓடுமே, அந்த நாடாவின் குட்டித் தங்கை.

நானும் ஒருநாள் உட்கார்ந்தேன். இருபது முடிச்சு போட்டேன். நூலை இழுத்தால் முடிச்செல்லாம் நெருங்கி, வட்டமாக வளையம் மூட வேண்டும். என் வளையமோ அசையவே இல்லை. இன்னும் பலமாக இழுத்தேன், நூல் அறுந்தது.

அத்தை வாங்கிப் பார்த்தார். "முடிச்சு இடம் மாறலையே கண்ணு" என்றார்.

அது என்ன இடம் மாறுவது? ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்கட்டுபவர்களின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். காம்பு நேராக இருக்கும், நார் அதைச் சுற்றிச் சுருக்கிடும். டாட்டிங்கில் காம்பு கிடையாது. நூலுக்கு நூலே காம்பு. விரல்களைச் சுற்றி ஒரு நூல், நாடாவிலிருந்து ஒரு நூல். இரண்டில் எது காம்பு, எது நார்? வளையம் மூடுவதும் மூடாததும் இதில்தான் இருக்கிறது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். சிவப்புக் கயிறு ஒன்று, வெள்ளைக் கயிறு ஒன்று. இரண்டின் நுனியையும் சன்னல் கம்பியில் கட்டுங்கள். சிவப்பை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, வெள்ளையால் அதன்மேல் ஒரு சுருக்குப் போடுங்கள். இப்போது சிவப்பைத் தளரவிட்டு, வெள்ளையை நேராக இழுங்கள். டக்கென்று சுருக்கு தாவும்! வெள்ளை நேராகிவிடும், சிவப்பு அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். விறைப்பான கயிறு நேராகத்தான் நிற்கப் பார்க்கும். வளைந்துகொடுப்பது தளர்ந்த கயிறுதான்.

டாட்டிங்கில் போடும் ஒவ்வொரு சுருக்கும் இப்படித் தாவ வேண்டும். தாவினால் நாடா நூல் நேராக ஓடும், அதன்மேல் முடிச்சுகள் வழுக்கும். தாவாவிட்டால் நாடா நூலே வளைந்து வளைந்து மாட்டிக்கொள்ளும். மாட்டுக் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டால், முரட்டுக் காளையைக்கூட ஒரு சிறுவன் நிறுத்திவிடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிமானம் கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. என் இருபது முடிச்சும் சேர்ந்து அப்படித்தான் நூலைப் பிடித்துக்கொண்டன.

நம் தெற்குச் சீமைக்கு லேஸ் புதிதல்ல. நாகர்கோவிலில் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் மார்த்தா மால்ட் என்ற அம்மையார் சிறுமிகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-இல் பாதிரியார் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடிப் பெண்களுக்கும் அந்தக் கலையைக் கொண்டுபோனார். அது திண்டின்மேல் ஊசி குத்தி, பல நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் வகை. டாட்டிங்குக்குத் திண்டும் வேண்டாம், மேசையும் வேண்டாம். பஸ்ஸில் உட்கார்ந்துகூடப் பின்னலாம்.

சரி, துவண்டு கிடக்கும் லேஸ் முட்டை வடிவில் எப்படி நிற்கிறது? கஞ்சி! அரிசி மாவு கொதிக்கும்போது அதிலுள்ள மாவுச்சத்துத் துகள்கள் நீரைக் குடித்து ஊதி, கெட்டியான கூழாகின்றன. பருத்தி நூல் செல்லுலோஸால் ஆனது. மாவுச்சத்தைப் போலவே அதுவும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிதான். உறவுக்காரர்கள் இல்லையா? ஈரம் காயக் காய இரண்டும் இறுக ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணிக்கு நேர்மாறான தேவை: இரத்தத்தை உறிஞ்ச வேண்டும் என்பதால், அதிலிருந்து கஞ்சியையும் பருத்தியின் இயற்கை மெழுகையும் வேகவைத்து நீக்கிவிடுவார்கள்.

அத்தை லேஸ் பட்டைகளை ஓரத்தில் தையல் போட்டு இணைத்தார். கஞ்சியில் முக்கி, சின்ன பலூன்மேல் சுற்றி, பங்குனி வெயிலில் காயவைத்தார். மாலையில் ஊசியை என்னிடம் கொடுத்தார். குத்தினேன். பலூன் சுருங்கி ஓட்டை வழியே வெளியே வந்தது. முட்டை அப்படியே நின்றது, இம்முறை ஒழுங்காக மூடிய என் இரண்டாவது வளையமும் அதில் ஓரமாக இருந்தது.