பணிப்பயணமும் பாதுகாப்பும்

நுழையும்முன்

தொழிற்கூடத்தின் வாயிலுக்குள் இருக்கும்வரை பணியாளரின் பாதுகாப்பு நிறுவனத்தின் பொறுப்பு என்பதை அனைவரும் ஏற்பர். அவரே நிறுவனத்தின் பணிக்காக வேற்றூர் செல்லும்போது அப்பொறுப்பு யாருடையது? நாளை பணியிலமரும் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய இவ்வினாவுக்கு இப்பாடம் விடை காண்கிறது.

பயணமும் பணியே

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், புதுச்சேரியை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள ஊர் கோட்டக்குப்பம். இவ்வூரில் வாழும் மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். காலையில் இருசக்கர வாகனத்தில் புறப்படும் அவர் மரக்காணம், திண்டிவனம், விழுப்புரம் ஆகிய ஊர்களுக்குச் சென்று திரும்ப வேண்டும். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். சாலையில் மட்டும் மூன்றரை மணி நேரத்திற்குக் குறையாமல் ஆகும். மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்து முடித்த பின்னரே பிரதிநிதிகளைச் சந்திப்பர். எனவே, காத்திருக்கும் நேரம் நீள்கிறது. வீடு திரும்பும் பயணம் இரவில் அமைகிறது.

வங்கியின் கடன் வசூல் அலுவலர், இயந்திரம் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர், சரக்குந்து ஓட்டுநர், பயிற்சிக்காகச் செல்லும் ஆசிரியர் எனப் பலரின் நிலையும் இதுவே. இவர்களுக்குச் சாலையே பணியிடம். அப்பணியிடத்திற்குச் சுவரும் இல்லை; காவலரும் இல்லை.

முன்னோரின் முன்னெச்சரிக்கை

பணிப்பயணத்தின் இடர்ப்பாடு புதியதன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மானாட்டில் எயிற்பட்டினமும் கிடங்கிலும் இருந்தன. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் பகுதி என்றும், கிடங்கில் திண்டிவனத்தைச் சார்ந்தது என்றும் ஆய்வாளர் கருதுவர். மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் உள்ளன. பழந்தமிழகத்தில் உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்ற வணிகர் உமணர் எனப்பட்டனர்.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் இவ்வுமணரின் பழக்கம் ஒன்றை உவமையாக்குகிறார். எருதுகள் இளையவை, ஏற்றிய பாரமோ பெரிது, வழியில் மேடும் பள்ளமும் உண்டு. என்ன நேரும் என்பதை யாரும் முன்னரே அறிய இயலாது. ஆகவே, உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். வண்டியை இழுக்கும் விலங்கின் திறன், சுமையின் அளவு, வழியின் தன்மை ஆகியவற்றை ஆராய்ந்து, புறப்படும் முன்னரே மாற்று ஏற்பாடு செய்த அறிவு இது. சுங்கம் கொள்ளும் பெருவழிகளை வில்லேந்திய வீரர் காத்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. வணிகரின் முன்னெச்சரிக்கையும் அரசின் காவலும் அன்றே இணைந்து இயங்கின.

முதன்மையான இடர் எது?

பயண இடர் என்றவுடன் திருட்டு, நோய், கலவரம் போன்றவை நினைவுக்கு வரலாம். ஆயினும், பணியாளரை மிகுதியாக அச்சுறுத்துவது சாலை விபத்தே. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள் நிகழ்ந்தன. 17,884 பேர் இறந்தனர்.

விரைவும் களைப்பும் விபத்தின் இரு பெருங்காரணங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. களைத்த ஓட்டுநரின் கண் மூன்று நொடி அயர்ந்தால், 66 மீட்டர் தொலைவுக்கு அவ்வூர்தி வழிகாட்டுவார் இன்றி ஓடுகிறது. ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று விபத்திற்குப் பின் கூறிவிடலாம். ஆனால், ஒரே நாளில் நான்கு ஊர்களை முடித்து வருமாறு பணித்தவர் யார், முந்தைய இரவு அவர் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்னும் வினாக்களும் எழவேண்டும். பணியாளரின் வேகம் பெரும்பாலும் அலுவலகம் குறித்துக் கொடுக்கும் காலக்கெடுவிலேயே தொடங்குகிறது.

இதனை உணர்ந்தே 1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 8 மணி என்றும் வாரத்திற்கு 48 மணி என்றும் வரையறுத்தது. ஐந்து மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து பணி செய்யாதவாறு அரைமணி நேர ஓய்வையும் கட்டாயமாக்கியது.

இயற்கை தந்த பாடம்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் புகுந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள பாலத்தில் நீர் உயர்ந்ததால் தொடர்வண்டிகளும் நிறுத்தப்பட்டன. சாலையும் இருப்புப்பாதையும் ஒருங்கே அடைபட்ட அத்தகைய நாளில் பணியாளர் எங்கே தங்குவது, யாரிடம் செய்தி கூறுவது என்பதை நிறுவனம் முன்னரே வகுத்திருக்க வேண்டும். ‘இன்று பயணம் வேண்டா’ என்று முடிவெடுக்கும் உரிமை பணியாளருக்கும் வேண்டும். அம்முடிவினால் ஊதியமோ பதவியோ குறையாது என்னும் உறுதி இல்லையேல், அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

சட்டம் தரும் காப்பு

வீட்டிலிருந்து பணியிடத்திற்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, பணியுடன் தொடர்புடையதாயின், பணியின்போது நேர்ந்த விபத்தாகவே கருதப்பட வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டு இவ்விதி சேர்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இக்கொள்கையை ஏற்றுள்ளது.

பெண் பணியாளருக்கான காப்பும் அலுவலகச் சுவருடன் முடிவதில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியின்பொருட்டுச் செல்லும் எந்த இடத்தையும், நிறுவனம் அளிக்கும் ஊர்தியையும் ‘பணியிடம்’ என்றே குறிக்கிறது. வெளியூர் விடுதியிலோ நிறுவன ஊர்தியிலோ துன்புறுத்தலுக்கு ஆளானவர் தம் நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் முறையிடலாம்.

கடல் கடந்து பணிபுரிவோர் பலரைக் கொண்ட ஊர் கோட்டக்குப்பம். குடிபெயர்வு அனுமதி பெற்று அயல்நாடு செல்லும் தொழிலாளர்களுக்காகப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் கட்டாயக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. விபத்தினால் இறப்போ நிலையான ஊனமோ நேர்ந்தால் 10 இலட்சம் ரூபாய் வழங்க அது வகை செய்கிறது.

தெரியுமா?

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்தில் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் பிற மாநிலத்தவரும் இதனால் பயன்பெறுவர். 2025ஆம் ஆண்டில் நடுவண் அரசு அறிவித்த திட்டம், நாட்டின் எப்பகுதியில் விபத்து நேர்ந்தாலும் ஏழு நாள்களுக்கு 1.5 இலட்சம் ரூபாய் வரையிலான மருத்துவத்திற்கு வழி செய்கிறது. மாநில எல்லையை நாள்தோறும் கடக்கும் கோட்டக்குப்பம் மக்கள் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

மூன்று நிலைகளில் பாதுகாப்பு

பயணத்திற்கு முன்: பயணம் தேவைதானா, தொலைபேசியிலேயே பணி முடியுமா என ஆராய்தல் வேண்டும். தேவையெனில் வழி, வானிலை, ஊர்தியின் நிலை, தங்குமிடம் ஆகியவற்றை உறுதிசெய்தல் வேண்டும். இரவுப் பயணத்தைத் தவிர்க்கும்படி கால அட்டவணை அமைதல் வேண்டும்.

பயணத்தின்போது: தலைக்கவசம் அணிதலும், நான்கு சக்கர ஊர்தியில் பின்னிருக்கையிலும் இருக்கைப்பட்டை அணிதலும் கட்டாயம். ஊர்தி ஓட்டும் பணியாளரை அலுவலகம் தொலைபேசியில் அழைத்தல் கூடாது. குறித்த நேரத்தில் அவர் செய்தி அனுப்பாவிடின் யார் விசாரிப்பது என்பதும் வரையறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். நெருக்கடியில் 112, மருத்துவ ஊர்திக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, பெண்களுக்கு 181 ஆகிய எண்களைப் பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

பயணத்திற்குப் பின்: போதிய ஓய்வு அளிக்கப்பட வேண்டும். நூலிழையில் தப்பிய நிகழ்வுகளையும் பணியாளர் அச்சமின்றிப் பதிவுசெய்தல் வேண்டும். இன்று தப்பிய வளைவே நாளை மற்றொருவருக்கு விபத்துக் களமாகலாம்.

2021ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ்.ஓ. 31030 என்னும் பன்னாட்டு வழிகாட்டு நெறியும் பயண இடர்களை முன்னரே மதிப்பிட்டுக் குறைக்குமாறு நிறுவனங்களை அறிவுறுத்துகிறது. உப்பு வண்டியின் அடியில் உமணர் கட்டிய சேம அச்சும் அதே அறிவின் பயனே. அச்சு முறிந்த பின் காட்டுவழியில் மாற்று அச்சைத் தேடுதல் அரிது. மாலையில் பணியாளரின் வருகைக்காக வாயிலை நோக்கியிருக்கும் குடும்பத்திற்கு நிறுவனம் அளிக்கத்தக்க உறுதி, காலையில் அவர் புறப்படும் முன்னரே செய்யப்படும் ஏற்பாடுகளில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ பணிக்காக வெளியூர் செல்லும் ஒருவரிடம் அவர் எதிர்கொள்ளும் இடர்களைக் கேட்டறிந்து எழுதுக.

2. உங்கள் பள்ளியின் கல்விச் சுற்றுலாவிற்கு ஏற்ற ‘சேம அச்சு’ ஏற்பாடுகளை வகுப்பில் கலந்துரையாடிப் பட்டியலிடுக.