பூச்சுக்குள்ளே என்ன இருக்கு?

முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய சென்னை வீடுகளில் ஒரு வியாதி சகஜம். சீலிங் உப்பிக்கொண்டு வரும், ஒருநாள் காரை பெயர்ந்து விழும், உள்ளே துருப்பிடித்த கம்பி தெரியும். மழைத்தண்ணீரும் கடற்காற்றின் உப்பும் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு ஆரம்பிக்கிறது. துருவுக்கு, அது தின்ற இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளக்கிறது. எங்கள் வீட்டில் இது வந்தது அம்மா படுக்கும் அறையில். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட முடியாத வேலை.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். மூன்றாவது ஆள் சொன்ன தொகை முதல் ஆள் சொன்னதில் பாதிகூட இல்லை. ஆனால் வேலை முடிந்த அன்று மூன்றுமே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்: பெயின்ட் அடித்த வெள்ளை சீலிங். சிக்கலே இதுதான்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சட்டைத் துணியை வாங்கும் முன்பே தொட்டுப் பார்க்கலாம். ஹோட்டல் சாப்பாட்டைச் சாப்பிட்டதும் தெரிந்துவிடும். அனுபவித்த பிறகும் தரம் தெரியாத மூன்றாவது வகை ஒன்று உண்டு, ரிப்பேர் வேலை மாதிரி. 1973-ல் டார்பி, கார்னி என்ற இருவர் இதைப் பற்றி எழுதினார்கள். 'நம்பிக்கைப் பண்டம்' என்று தமிழில் சொல்லலாம். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1970-ல், ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து இன்னொன்றைக் காட்டியிருந்தார்: வாங்குபவருக்குத் தரம் தெரியாவிட்டால் அவர் சராசரி விலைதான் கொடுப்பார், நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் ஒதுங்கிவிடுவார். (2001-ல் இதற்காக நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.) மேஸ்திரிகளுக்கும் இது பொருந்தும். எல்லோரும் குறைந்த கொட்டேஷனையே எடுத்தால், ஒழுங்காகச் செய்கிறவர் கடையை மூட வேண்டியதுதான்.

ஆகவே "ஆள் நல்லவரா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "பூச்சு மூடுவதற்கு முன் எதையெல்லாம் நான் பார்க்க முடியும்?" என்று கேட்டேன். சீலிங் வேலையில் முதலில் தளர்ந்த கான்கிரீட்டை முழுக்கக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கம் வரை துருவைச் சுரண்ட வேண்டும். கம்பி ரொம்ப மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். துருத்தடுப்புப் பூச்சு, ஒட்டுவதற்கான கெமிக்கல், பாலிமர் கலந்த கலவை எல்லாம் அதற்கப்புறம். பாதி விலைக்காரர் மிச்சம் பிடிப்பது இந்த இடங்களில்தான். விழுந்த இடத்தில் மட்டும் சாதாரண சிமென்ட் கலவையை அப்பிவிட்டால் போதும், ஒன்றிரண்டு மழைக்காலம் தாங்கும்.

அந்த மூன்றாவது ஆள் வாசலில் நின்றபடியே மொத்தத் தொகையைச் சொன்னவர். இன்னொருவர் சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டிப் பார்த்தார். டொக்கு டொக்கென்று பொள்ளலாகக் கேட்ட இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டார். "இப்ப முழுக் கணக்கு சொல்ல முடியாது சார், கொத்தினாத்தான் தெரியும். சதுர அடிக்கு ரேட் பேசிக்கலாம். ஆனா முதல்ல மாடியில தண்ணி இறங்கறத நிறுத்தணும், இல்லாட்டி இது வீண்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதும், காரணத்தை மாடியில் தேடியதும் எனக்குப் போதுமானதாக இருந்தது. போன மாதம் முடித்த வேலையைக் காட்டுகிறேன் என்றவரிடம், இரண்டு மழை பார்த்த வேலையைக் காட்டுங்கள் என்றேன்.

ஒப்பந்தத்தின் வகையும் முக்கியம். மெட்டீரியலோடு விட்டால் சிமென்ட் குறையும். லேபர் மட்டும் விட்டால் சிமென்ட் வீணாகும். தினக்கூலி என்றால் நாள் நீளும். ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை உண்டு. எந்த ஓட்டையை உங்களால் கண்காணிக்க முடியும் என்பதுதான் கேள்வி. ஆபீஸ் போகிற எனக்கு நாளை எண்ணுவது கஷ்டம், மூட்டையை எண்ணுவது சுலபம். அதனால் லேபர் கான்ட்ராக்ட், பொருள் நானே வாங்கினேன். மாடியில் புதுக் கான்கிரீட் போட்டால் யார் தண்ணீர் விடுவது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி வகைக்கு 10 நாள் ஈரம் காயக்கூடாது. அதற்குள் ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார்கள்.

பணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். கம்பி தெரிகிற நிலையில் நான் பார்த்து போட்டோ எடுத்த பிறகு ஒரு தவணை. கடைசிப் பத்து சதவீதம் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில். இது அவர்களுக்கு எரிச்சல்தான், நியாயமும் இருக்கிறது. கடைசித் தவணையை ஏப்பம் விட்ட வீட்டுக்காரர்கள் நிறைய, பெரிய அட்வான்ஸ் கேட்பதே அந்த பயத்தில்தான். அதனால் தேதியையும் தொகையையும் வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்தேன். பிறகு பேசிய ஒவ்வொரு 'எக்ஸ்ட்ரா'வையும் அன்றே வாட்ஸ்அப்பில் ரேட்டோடு அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கினேன். வீடு கட்டும் வேலை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையாகவே வருகிறது, புகார் கொடுக்க இரண்டு வருஷ அவகாசம் உண்டு. அங்கே போக வேண்டி வந்தால் கையில் இருக்கப்போவது அந்த போட்டோக்களும் இந்த மெசேஜ்களும்தான்.