பாலத்துறையைக் கடந்து ஒரு பகல்

“கொழும்பில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, மாமா? மாடிக் கட்டடங்களும் வாகன நெரிசலுந்தானே!” என்றான் என் மருமகன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலும் அவன், விடுமுறைக்கு வத்தளையிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். வரலாற்று மாணவனிடமிருந்தா இவ்வினா என்று வியந்த நான், மறுநாட் காலையே அவனை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

களனி கங்கையைக் கடந்தால் பாலத்துறை. தோணிகளை வரிசையாகப் பிணைத்து ஆங்கிலேயர் 1822இல் இங்கே மிதவைப் பாலம் அமைத்தனர். 1895இல் இரும்புப் பாலம் எழுந்தது. அங்கிருந்து கொட்டாஞ்சேனை வழியாகக் கொச்சிக்கடையை அடைந்தோம். பொன்னம்பல முதலியார் 1857இல் நிறுவிய சிவாலயத்தை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கினார். அக்கற்றூண்களின் குளிர்ச்சியில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம்.

அதே கொச்சிக்கடையில் அந்தோனியார் திருத்தலம். செவ்வாய்தோறும் சைவரும் பௌத்தரும் கத்தோலிக்கரோடு மெழுகுதிரி ஏற்றும் இடம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, குண்டு வெடித்து வழிபட வந்தோர் பலர் இங்கே மடிந்தனர். மருமகன் பேசவில்லை. தானும் ஒரு திரியை ஏற்றி வைத்தான்.

நண்பகலில் வுல்பெண்டால் மேட்டில் ஏறினோம். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டிற்குத் திறந்த சிலுவை வடிவக் கோயில் அங்கே நிற்கிறது. அதன் கல்லறைக் கற்களைப் படித்துக் களைத்தபின், “இனி இவ்வரலாற்றை உண்போம்” என்று கூறி, என்னோடு முன்னர் ஒரே பள்ளியிற் படிப்பித்த பறங்கிய மூதாட்டியின் வீட்டிற்கு அவனை அழைத்துச் சென்றேன்.

வாட்டிய வாழையிலைப் பொதியை அவிழ்த்ததும் மணம் அறையை நிறைத்தது. அதுவே ‘லம்பிறைஸ்’. இறைச்சிச் சாற்றில் வெந்த சோறு, பல இறைச்சி கலந்த கறி, ‘பிரிக்கடெல்’ என்னும் இறைச்சியுருண்டை, கத்தரிக்காய், சீனிச் சம்பல், இறாற் சம்பல் யாவும் ஒரே இலையிற் பொதிந்து, போறணையில் மீண்டும் வெந்தவை. ஜாவாவினர் சோற்றை இலையில் மடிக்கும் முறையைப் பத்தேவியாவிற் கண்டு, ஒல்லாந்தர் இங்கே கொணர்ந்தனர் என்பர். விரதமில்லாத நாளாதலின் இருவரும் விரும்பி உண்டோம்.

“இந்தப் போறணை, குசினி, மேசை, பாண் யாவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள்” என்றேன். “கோட்டையை இடித்துவிடலாம்; குசினியை இடிக்க முடியாது போலும்!” என்று அவன் சிரித்தான்.

அப்போதுதான் அதுவரை அவனிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். 1983 ஆடியில் எங்கள் கொட்டாஞ்சேனை வீடு எரிந்தது. உடுத்த துணியோடு ஓடிய எங்களை மூன்று நாள் மறைத்து வைத்துச் சோறிட்டது இந்தக் குசினிதான். அதன் பின்னரே வத்தளையிற் குடியேறினோம்.

மூதாட்டி பேச்சை மாற்ற விரும்பியவர்போல ஒரு பழைய கொப்பியை எடுத்து வந்தார். அவர் தாயார் கைப்பட எழுதிய சமையற் குறிப்புகள். பிள்ளைகள் மூவரும் மெல்பேர்னில். “அங்கே யாருக்கும் இதற்கு நேரமில்லை. எனக்குப் பின் இதை யார் வாசிப்பார்?” என்றார்.

இக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. மருமகனோ தன் பையைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தான். “நீங்கள் வாசியுங்கள், ரீச்சர். நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்” என்றான். கல்லறைக் கற்களைக் குறித்துக்கொண்ட அதே குறிப்பேடு.

நாங்கள் பாலத்துறையை மீண்டும் கடக்கும்போது இருட்டிவிட்டது. பாதிக் கொப்பிதான் முடிந்திருந்தது. மீதியை எழுத அடுத்த ஞாயிறும் போகவேண்டும் என்று அவனே சொன்னான்.