பொன்னுக்கு யார் ஜாமீன்?

விலைவாசி ஏறும்போதெல்லாம், தங்கத்தை ஆதாரமாகக் கொண்ட நாணயத்துக்கே திரும்ப வேண்டும் என்கிற குரல் எழுகிறது. வெறும் பழமைவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. காகிதத்தை அரசு இஷ்டத்துக்கு அச்சடிக்கலாம், தங்கத்தை அச்சடிக்க முடியாது. அரசின் கையைக் கட்டிப்போட வேறு வழி உண்டா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

கொடைக்கானல் மேல்மலைக்காரர்களுக்கு இந்த அவநம்பிக்கையை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டு போடுகிற குடும்பத்துக்கு விதை, உரம், கூலி எல்லாவற்றுக்கும் கடைசி ஜாமீன் வீட்டு நகைதான். அடகு வைப்பது, விளைச்சல் விற்றதும் மீட்பது. 'பவுன்' என்ற சொல்லே ஆங்கிலேயரின் தங்க நாணயத்தின் பெயர். நாணயம் போய்விட்டது, 8 கிராம் எடையாகச் சொல் தங்கிவிட்டது. அரசுகள் கைவிட்ட பொன்னைக் குடும்பங்கள் கைவிடவில்லை.

அப்படியானால் அரசும் அதையே செய்யட்டுமே என்று தோன்றும். சிக்கல் இங்கேதான். சொல்லின் மதிப்பை விளக்க வந்த சசூர், நாணயத்தை உதாரணம் காட்டினார்: ஒரு காசின் மதிப்பு, அதற்குக் கிடைக்கும் ரொட்டியையும் மற்றக் காசுகளோடு அதற்குள்ள உறவையும் பொறுத்தது. உலோகம் தானாக எதையும் நிர்ணயிப்பதில்லை. ஒரு ரூபாய்க்கு இத்தனை பொன் என்று யாரோ விகிதம் வகுத்தாக வேண்டும். யார் அந்த 'யாரோ'?

நம் வரலாற்றில் இதற்குப் பதில் இருக்கிறது. ஹில்டன் யங் கமிஷனின் பரிந்துரைப்படி 1927இல் ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ் விகிதத்தில் பொன்னோடு கட்டப்பட்டது. 4 பென்ஸே சரி என்ற புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸின் மறுப்பு எடுபடவில்லை. ரூபாயின் மதிப்பை உயர்த்திப் பிடித்தால் விளைபொருளுக்குக் கிடைக்கும் ரூபாய் குறையும். 1929க்குப் பின் உலகெங்கும் விலைகள் சரிந்தபோதும், விகிதத்தைக் காப்பாற்றப் பணப்புழக்கம் சுருக்கப்பட்டது. கடனும் நிலவரியும் அதற்கேற்பச் சுருங்கவில்லை. 1931 செப்டம்பரில் இங்கிலாந்தே தங்கத்தை விட்டு விலகியது. தங்கத்தின் விலை ஏறியது. கடன்பட்ட குடியானவர்கள் நகையை விற்றார்கள். அது கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று. பொன் நாணயம் அரசின் கையைக் கட்டிய லட்சணம் இது!

சுதந்திர அரசு மட்டும் என்ன செய்தது? அந்நியச் செலாவணி நெருக்கடியில், 1963இல் மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யத் தடை போட்டார். ஆயிரக்கணக்கான பொற்கொல்லர்கள் பிழைப்பு இழந்தார்கள். 1968 தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. அமெரிக்காவிலும் 1933இல், தங்க நாணயங்களை ஒப்படைக்கச் சொல்லி ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார்.

இவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தங்கம் நாணயத்துக்கு அஸ்திவாரமாகிவிட்டால், நெருக்கடி வரும்போதெல்லாம் அரசின் பார்வை வீட்டுத் தங்கத்தின் மேல்தான் விழும். மேல்மலைக்காரருக்கு இன்று நகை கைகொடுக்கிறது என்றால், அது ரூபாய்க்கு வெளியே நிற்பதால்தான். ரூபாய் தேயும்போது பொன் ஏறுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் அந்த ஒதுங்குமிடமும் போய்விடும்.

அரசின் கையைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்கான கயிற்றைக் குடியானவப் பெண்ணின் கழுத்திலிருந்து உருவக் கூடாது.