கடற்சிங்கம்

சிங்கமென்றவுடன் பிடரிமயிரும் முழக்கமும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. தென் அமெரிக்கக் கடற்சிங்கத்தின் ஆணுக்குப் பிடரி உண்டு. நாம் ஈண்டுக் கூறப்புகுந்த கலிபோர்னியாக் கடற்சிங்கமோ நாயைப்போலக் குரைப்பது! கடல்நாய் எனப்படும் சீலினின்று இதனைப் பிரித்தறிதல் எளிது. இதற்குப் புறச்செவி உண்டு. பின்துடுப்புக்களை உடலின்கீழ் முன்னோக்கி மடக்கி நிலத்தின்மேல் நடக்கவும் வல்லது. சீல் வயிற்றால் உந்தியே செல்லும்.

கலிபோர்னியாவின் தென்கரைக்கு அப்பால் சான் மிகுவேல் என்றொரு தீவு உளது. கோடையின் தொடக்கத்தில் ஆண்விலங்குகள் அங்கே கரையேறி, ஒவ்வொன்றும் தனக்கென ஓரிடம் பற்றிக் காவல் புரியும். ஓராண் 350 கிலோகிராம் வரை எடையுள்ளது. இடத்தை விட்டகன்றால் மற்றொன்று கவர்ந்துகொள்ளுமன்றோ? ஆதலின் வாரக்கணக்கில் உணவின்றிக் கிடந்து, தன் உடற்கொழுப்பினாலேயே உயிர் தாங்கும்.

எனினும், தாயின் செயலே நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது. அது ஈனுவது ஒரே குட்டி. ஈன்றவுடன் தாய் குரல் கொடுக்கும். குட்டி மறுகுரல் கொடுக்கும். ஒன்றையொன்று முகர்ந்து பார்க்கும். ஏறக்குறைய ஒரு வாரம் உடனிருந்து பாலூட்டியபின், தாய் இரைதேடிக் கடலுட் செல்லும். சில நாள் கழித்து மீளுங்கால், நூற்றுக்கணக்கான குட்டிகள் நிறைந்த கரையில் நின்று கூவும். தன் குட்டி விடைகூறி வந்தால், மணத்தால் தேர்ந்து உறுதிசெய்தபின்னரே பாலூட்டும். பசித்த பிறிதொரு குட்டி நெருங்கின், கடித்துத் துரத்தும். இதனைக் கொடுமையென்று எவரும் கருதற்க. தாயிடமுள்ள பால் ஒரு குட்டிக்கே போதுவது. அக்குட்டியோ ஏறத்தாழ ஓராண்டு அப்பாலை நம்பியிருப்பது.

அந்தப் பாலோ மத்தி, நெத்திலி, கணவாய் முதலியவற்றைப் பொறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணெய்க்கும் தோலுக்குமாக மனிதர் இவ்விலங்கைக் கொன்று குவித்தனர். 1972-இல் அமெரிக்க அரசினர் இயற்றிய கடற்பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் துணையால் இவ்வினம் வெகுவாகப் பெருகிற்று. வேட்டைக்காரனைச் சட்டம் தடுத்தது. கடல்நீர் வெம்மையுறுவதைத் தடுக்கச் சட்டத்தால் இயலுமோ? நீர் வெம்மையுற்ற ஆண்டுகளில் சத்துள்ள மீன் அருகிற் கிடைப்பது அரிதாயிற்று. தாய்கள் நெடுந்தொலைவு சென்று, நாட்கடந்து, பால் சுருங்கி மீண்டன. பசி பொறாத குட்டிகள், பால்மறக்கும் பருவம் வருமுன்னரே தாமே கடலில் இறங்கின. 2015-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் 3,000-க்கு மேற்பட்டவை எலும்பும் தோலுமாய்க் கலிபோர்னியாக் கரையில் ஒதுங்கின. மீட்பு நிலையத்தார் அவற்றிற் பலவற்றை எடுத்துச்சென்று, குழாய்வழியே மீன்கூழ் ஊட்டி, உடல் தேறியவற்றைக் கடலில் விட்டனர். எல்லாம் பிழைத்தில.