வெளிப்பொருத்து மோட்டாரின் சமன் தகடு

ஆற்றிலோ காயலிலோ வெளிப்பொருத்து மோட்டார் பூட்டிய படகொன்று வேகமாக நேர்வழியே செல்லும்போது, அதனைச் செலுத்துபவரின் கையைச் சற்றுக் கவனித்தல் வேண்டும். படகு நேராகச் செல்லினும் அக்கை ஓய்ந்திருப்பதில்லை. மோட்டாரின் கைப்பிடி ஒருபுறமாகச் சாய முயல்கிறது. செலுத்துபவர் அதனை இடைவிடாது மறுபுறம் இழுத்துப் பிடித்திருக்கிறார். கால்மணி நேரப் பிரயாணத்தில் இது ஒரு பொருட்டன்று. மூன்று மணி நேரமாயின் மணிக்கட்டும் தோளும் சோர்ந்துவிடும். சோர்ந்த கை ஒரு கணம் வழுவினால் படகு திடீரெனத் திரும்பும். விளிம்பில் அமர்ந்திருப்பவர் நீரில் எறியப்படவும் கூடும்.

இத்தொல்லையைக் குறைப்பதற்குரிய சாதனம் பல மோட்டார்களில் அமைந்தே இருக்கிறது. அது ஒரு சிறிய உலோகத் தகடு. யந்திரக்காரர்கள் 'டிரிம் டேப்' என்று வழங்கும் அதனை இக்கட்டுரையில் சமன் தகடு என்று குறிப்போம்.

படகின் பின்புறப் பலகையில் மாட்டிக் கழற்றத்தக்க மோட்டாரை வணிகமுறையில் வெற்றியுறச் செய்தவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் என்பவர். அவரது மோட்டார் 1909-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில், கேரளக் கடற்கரையின் நாட்டுப் படகுகளில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வகை மோட்டார் விரைந்து பரவியது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளத்தில் பெருவெள்ளம் நேர்ந்தபோது, மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று பல்லாயிரவரைக் கரைசேர்த்தனர். தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் காற்றடைத்த படகுகளில் இம்மோட்டாரையே பூட்டிச் செல்கின்றனர். ஆகவே இத்தகட்டைப் பற்றிய அறிவு மீன்வளத்துறை ஊழியருக்கும் வெள்ள நிவாரணப் பணியாளருக்கும் ஒருங்கே பயன்படுவதாகும்.

படகு ஒருபுறம் இழுப்பதேன்?

வலம், இடம் என்று இங்கே கூறுவனவெல்லாம், படகின் பின்புறத்தில் நின்று அணியத்தை, அதாவது முன்முனையை, நோக்குபவருடைய வலமும் இடமும் ஆகும். பெரும்பாலான மோட்டார்களில் உந்துவிசிறி, படகு முன்செல்லும்போது வலஞ்சுழியாக, கடிகார முள்ளைப் போலச் சுழல்கிறது. அப்போது மேலுள்ள இதழ் இடமிருந்து வலமாகவும், கீழுள்ள இதழ் வலமிருந்து இடமாகவும் நீரைத் துழாவுகின்றன. மேற்பரப்பை அடுத்த நீர் கலங்கியும் காற்றுக் கலந்தும் இருப்பதால் மேலிதழுக்குப் போதிய பிடிப்புக் கிடைப்பதில்லை. ஆழத்திலுள்ள நீரோ கீழிதழை உறுதியாக எதிர்க்கிறது. இடப்புறம் செல்லும் இதழை எதிர்க்கும் நீர், விசிறியை வலப்புறம் தள்ளுகிறது. மோட்டாரின் அடிப்பாகத்துப் பின்புறம் வலப்பக்கம் ஒதுங்குகிறது. படகின் அணியம் வலப்பக்கம் திரும்புகிறது.

அவ்வேளையில் கைப்பிடி இடப்பக்கம் சாயும் என்பதைக் களப்பணியாளர் மனத்திற் கொள்ள வேண்டும். கைப்பிடி அச்சுக்கு முன்னும் விசிறி பின்னும் இருப்பதால் இவ்வாறு நேர்கிறது. பிழை எந்தப் பக்கம் என்று குறிக்குங்கால் கைப்பிடியின் திசையை விடுத்துப் படகின் திசையையே குறித்தல் நலம்.

தகடு செய்யும் வேலை

விசிறிக்கு நேர்மேலே கிடையாக ஒரு தட்டு உண்டு. அதன் அடியில், விசிறிக்குச் சற்றுப் பின்னே, மீனின் துடுப்பைப்போல் தொங்குவதே சமன் தகடு. ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் அதனை இருபுறமும் திருப்பலாம்.

இத்தகட்டைச் சிறிய சுக்கான் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். படகு வலப்புறம் இழுத்தால் தகட்டின் பின்முனையை இடப்புறம் திருப்புகின்றனர். இழுப்பு முன்னிலும் அதிகமாகிறது. தகடு பயனற்றது என்ற முடிவுக்கு வருகின்றனர். உண்மை யாதெனில், இத்தகடு படகைத் திருப்புவதன்று, மோட்டாரைத் திருப்புவது. பின்முனையை வலப்புறம் திருப்பினால், விரைந்து வரும் நீர் அதில் மோதித் தகட்டை இடப்புறம் தள்ளும். தகட்டுடன் மோட்டாரின் பின்பாகமும் இடப்புறம் ஒதுங்கும். விசிறி உண்டாக்கிய வலப்புற ஒதுக்கத்தை இது சமன் செய்யும். எனவே விதி இதுவே: படகு எப்பக்கம் இழுக்கிறதோ, அப்பக்கமே தகட்டின் பின்முனையைத் திருப்புக.

திருத்தும் முறை

தகட்டைத் தொடுமுன் பிற காரணங்களை ஆராய வேண்டும். சுமை ஒருபுறமாகக் குவிந்திருக்கிறதா, மோட்டார் பலகையின் நடுவில் மாட்டப்பட்டிருக்கிறதா, விசிறியின் இதழ் வளைந்திருக்கிறதா, திரும்பும் அச்சுக்குக் கிரீஸ் இடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க. மோட்டார் மிக உயரத்தில் மாட்டப்பட்டிருந்தால், வேகமாகச் செல்லும்போது தகடு நீருக்கு வெளியே நின்றுவிடும். அப்போது அதனைத் திருத்தியும் பயனில்லை.

இவை சரியாயிருப்பின், காற்றும் நீரோட்டமும் குறைந்த இடத்தில், வழக்கமான சுமையுடனும் வழக்கமான வேகத்திலும் படகை ஓட்டுக. போகும்போதும் திரும்பி வரும்போதும் ஒரே பக்கம் இழுத்தால் அது மோட்டாரின் இழுப்பு எனத் துணியலாம். பின்னர் மோட்டாரை நிறுத்தி, அது தற்செயலாகக் கிளம்பாதவாறு நிறுத்து கயிற்றையும் கழற்றிவிட்டு, மேலே தூக்கி நிறுத்துக. தகட்டின் பழைய நிலையைப் பென்சிலால் குறித்துக்கொள்க. போல்ட்டைத் தளர்த்தி, பின்முனையைச் சிறிதளவே நகர்த்தி, மீண்டும் இறுக முடுக்குக. மறுபடி ஓட்டிப் பார்க்க. இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தால், இருபுறமும் ஒரேயளவு முயற்சியுடன் கைப்பிடி திரும்பும் நிலை கிட்டும். எதிரெதிராகச் சுழலும் இரு விசிறிகளுடன் இரட்டை மோட்டார் பூட்டிய படகில் இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், தகடுகளை நடுவிலேயே நிறுத்துவது வழக்கம்.

இச்சமநிலை ஒரு வேகத்துக்கும் மோட்டாரின் ஒரு சாய்வுக்கும் மட்டுமே பொருந்தும். வலஞ்சுழி விசிறியுள்ள மோட்டாரை அடிப்பாகம் படகை நெருங்குமாறு சாய்த்தால் வல இழுப்பு மிகும். விலகுமாறு சாய்த்தால் இட இழுப்பு தலைகாட்டும். ஆதலின் எந்த நிலையில் அதிக நேரம் ஓட்டுகிறோமோ, அந்த நிலைக்கே தகட்டைத் திருத்த வேண்டும்.

கரையும் தகடு

பல மோட்டார்களில் இத்தகட்டுக்கு இன்னொரு கடமையும் உண்டு. உப்பு நீரில் மோட்டாரின் அலுமினிய உடல் அரிக்கப்படாதிருக்க, தகட்டைத் துத்தநாகம் போன்ற உலோகத்தால் அமைக்கின்றனர். அது தான் கரைந்து மோட்டாரைக் காக்கிறது. அத்தகைய தகட்டுக்கு வர்ணம் பூசலாகாது. பூசினால் அந்தப் பாதுகாப்பு அற்றுப்போகும். தகடு கரையக் கரைய அதன் பரப்பும் குறைகிறது. சென்ற ஆண்டு சமனாக ஓடிய படகு இவ்வாண்டு ஒருபுறம் இழுப்பதற்கு இதுவே காரணமாயிருக்கலாம். பெரும்பகுதி தேய்ந்த தகட்டை மாற்றிவிட வேண்டும்.

உபாத்தியாயர்கள் இத்தத்துவத்தை வகுப்பிலேயே காட்டலாம். ஓர் அட்டையின் முன்விளிம்பை நிமிர்ந்த கம்பியில் எளிதில் சுழலுமாறு கோத்து, பின்விளிம்பில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, மின்விசிறியின் எதிரே நிறுத்துக. பட்டையை வலப்புறம் மடித்தால் அட்டை இடப்புறம் ஒதுங்குவதை மாணவர் காண்பர். அச்சுக்கு வெகுதூரத்திலுள்ள சிறுவிசை பெரும்பொருளைத் திருப்பும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. தகடு எவ்வளவு நன்றாகத் திருத்தப்பட்டிருப்பினும், ஓடும் படகின் கைப்பிடியை விட்டு அகலலாகாது. நிறுத்து கயிற்றைச் செலுத்துபவர் தம் உடலோடு பிணைத்திருத்தல் வேண்டும். அவர் தவறி விழுந்தாலும் கயிறு இழுபட்டு மோட்டார் நின்றுவிடும். கையின் சோர்வைக் குறைப்பது தகடு. உயிரைக் காப்பது கயிறு. இரண்டையும் படகு புறப்படுமுன் பார்த்துக்கொள்வதே முறை.